முப்பது நாள் நோட்டீஸ், மூன்று மாதக் கெடு: எங்கள் திருமணத் தேதியைக் குறித்த விதம்

இந்து ஒருவரும் கிறிஸ்தவர் ஒருவரும், இருவரில் யாரும் மதம் மாறாமல் சட்டம் ஏற்கும் கணவன் மனைவியாக வேண்டுமென்றால், அதற்கென்றே இந்தியாவில் இருப்பது 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். பதிவு அலுவலகங்களில் இதை எல்லோரும் ‘ஸ்பெஷல் மேரேஜ்’ என்றே சொல்கிறார்கள். இந்தச் சட்டத்தின் கீழ் இன்று மனுக் கொடுத்துவிட்டு நாளை கையெழுத்துப் போட முடியாது. நோட்டீஸ் கொடுத்து, அது அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அதிலிருந்து முப்பது நாள் கழிந்த பிறகே திருமணம் நடக்கும். நான் மதுரையில் ஓர் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் தூத்துக்குடியில் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர், சரக்குக் கப்பலில் அதிகாரி. இரண்டு வீட்டிலும் சம்மதம் இருந்தது. ஆனாலும் என் அப்பாவின் பஞ்சாங்கம், அவர்கள் வீட்டின் லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள்), கப்பல் நிறுவனத்தின் விடுப்பு, மண்டபத்தின் காலி நாள் ஆகிய நான்கையும் இந்த முப்பது நாளோடு பொருத்தித் தேதி குறிப்பதற்குச் சட்டத்தை வரிவரியாகப் படிக்க வேண்டியிருந்தது. அப்படிப் படித்துச் செய்தவற்றை, இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில், காத்திருப்பு யாருக்குத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாதி வேறாக இருந்தாலே ஸ்பெஷல் மேரேஜ்தான் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியல்ல. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால், 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் கொண்டுவந்த திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவு அவர்களுக்குப் பொருந்தும். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவித்தோ, மாலையோ மோதிரமோ மாற்றியோ, தாலி கட்டியோ சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாம். இதற்கு முன்னறிவிப்பும் இல்லை, முப்பது நாளும் இல்லை. இத்தகைய திருமணத்தை ஊரறிய அறிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் தெளிவுபடுத்தியது. எனவே சாதி மட்டுமே வேறான இந்து மணமக்கள் ஸ்பெஷல் மேரேஜ் நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒரு மாதம் பதற்றத்தோடு காத்திருக்க அவசியமில்லை.

எங்கள் நிலை வேறு. ‘கோயிலில் தாலி கட்டிவிட்டு வாருங்கள், பிறகு பதிவு செய்துகொள்ளலாம்’ என்று என் சித்தப்பா உட்பட நான்கைந்து பேர் சொன்னார்கள். இந்து முறைப்படி சடங்கு நடந்தாலும், ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் அது இந்து திருமணச் சட்டத்தின்படி செல்லுபடியாகும் திருமணம் ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு முறையில் நடந்த திருமணத்தைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் பதிவு செய்ய வழி இருப்பது உண்மைதான். ஆனால் அதற்கும் பொது அறிவிப்பும் முப்பது நாளும் உண்டு. சடங்கை முன்னால் வைப்பதால் காத்திருப்பு குறையப்போவதில்லை, இடையில் இருக்கும் நாட்களில் இருவரின் சட்ட நிலை மட்டும் தெளிவில்லாமல் கிடக்கும். தேவாலயத்தில் திருமணம் என்பது இன்னொரு வழி; 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் இடம் தருகிறது. எங்களுக்கோ, இரண்டு வீட்டாரும் சமமாக நிற்கும் இடம் ஒன்று வேண்டியிருந்தது. அது பதிவு அலுவலகத்தின் மேசையாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

இனி நாள் கணக்குக்கு வருகிறேன். பலர் தடுமாறுவது இங்கேதான். சட்டத்தில் இரண்டு கெடுக்கள் உள்ளன. இரண்டும் வெவ்வேறு நாளில் தொடங்குகின்றன. முப்பது நாள் என்பது நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிய நாளோ, அலுவலகத்தில் கொடுத்த நாளோ அதற்குக் கணக்கில்லை. ஆனால் மூன்று மாதக் கெடு, நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் திருமணம் நடக்காவிட்டால் 14-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் காலாவதியாகி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே கொடுத்த நாளுக்கும் ஒட்டிய நாளுக்கும் இடையே தாமதமானால், நமக்குக் கிடைக்கும் நாட்கள் முன்பக்கம் சுருங்குகின்றன, பின்பக்கம் நீள்வதில்லை. பலகையில் ஒட்டிய தேதியை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மார்ச் 3-ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்து 5-ஆம் தேதி அது பலகையில் ஏறினால், முப்பது நாள் ஏப்ரல் 4-உடன் கழிகிறது. ஜூன் 3 வந்தால் மூன்று மாதம் முடிந்துவிடும். பார்ப்பதற்கு ஏப்ரல் 5 முதல் எந்த நாளும் சரி என்றே தோன்றும். ஆனால் எதிர்ப்பு மனு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். முப்பதாவது நாளன்று கூட ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். திருமண அலுவலர் அதை முப்பது நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். அதுவரை திருமணம் நடக்காது. அப்படியானால் மேற்சொன்ன கணக்கில் மே 4 வரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. மே 5-க்கும் ஜூன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட நான்கு வாரங்களே, எதிர்ப்பு வந்து அது தள்ளுபடியானாலும் அசையாத நாட்கள். மூன்றாம் மாதத்தில் தேதி வையுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வதற்கு இதுவே காரணம். முப்பத்தோராம் நாளையே திருமண நாளாகக் குறித்துப் பத்திரிகை அடிப்பவர்கள், யாரோ ஒருவர் எழுதிக்கொடுக்கும் ஒரு தாளுக்குத் தங்கள் விருந்து முழுவதையும் பணயம் வைக்கிறார்கள்.

எதிர்ப்பைப் பற்றி அச்சம் கூடுதலாகவே பரவியிருக்கிறது. பெற்றோருக்குச் சம்மதமில்லை, மதம் வேறு, சாதி வேறு என்பவை எதிர்ப்புக்கான காரணங்களே அல்ல. ஏற்கெனவே உயிரோடிருக்கும் கணவனோ மனைவியோ இருப்பது, சம்மதம் தரும் மனநிலை இல்லாமை, ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என்ற வயது நிரம்பாமை, தடுக்கப்பட்ட உறவுமுறை என 4-ஆம் பிரிவில் உள்ள நிபந்தனைகள் மட்டுமே காரணமாகலாம். கடைசியாகச் சொன்னதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இந்தச் சட்டத்தின் பட்டியலில் அத்தை மகள், மாமன் மகள் உறவும் அடங்கும், மணமக்களில் குறைந்தது ஒருவரின் வழக்காறு அனுமதித்தால்தான் விலக்கு. நல்லெண்ணமின்றி எதிர்ப்புக் கொடுத்தவர் மீது ஆயிரம் ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்க அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது. எதிர்ப்பு ஏற்கப்பட்டால் முப்பது நாட்களுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அப்போது மூன்று மாதக் கெடு அந்த நீதிமன்றத்தின் முடிவு நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும்.

எங்கள் நாட்காட்டியைப் போட்டுப் பார்த்தபோது முதலில் நின்றது கப்பல். கப்பலிலிருந்து இறங்குவதை அவர்கள் ‘சைன் ஆஃப்’ என்கிறார்கள். அவருக்குப் பதிலாக வரவேண்டிய ரிலீவர் ஏறினால்தான் அது நடக்கும். பொங்கலுக்கு வந்துவிடுவார் என்ற பேச்சு பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. நோட்டீஸில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பதால், அவர் கரையில் கால் வைப்பதற்கு முன்னால் எந்தக் கெடுவும் தொடங்க வழியில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் மூன்று வார விடுப்பில் வந்து ஸ்பெஷல் மேரேஜ் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவது இந்த ஓர் இடத்தில்தான் உடைகிறது. நோட்டீஸுக்கு ஒரு பயணம், திருமணத்துக்கு ஒரு பயணம் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், அல்லது விடுப்பை நீட்ட வேண்டும்.

பிப்ரவரி இறுதியில் நோட்டீஸ் கொடுத்தால் மூன்று மாதம் மே இறுதியில் முடியும். நடுவில் லெந்து காலம், ஈஸ்டர் வரை அவர்கள் வீட்டில் மங்கல நிகழ்ச்சி வைக்கமாட்டார்கள். சித்திரைத் திருவிழாவின்போது மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் ஊருக்குள் வண்டி நகராது. அழகர் இறங்கும் நாள் உள்ளூர் விடுமுறை, அலுவலகமும் இராது. எஞ்சியது வைகாசித் தொடக்கம். அதுவே நான் மேலே சொன்ன மூன்றாம் மாதத்துக்குள்ளும் விழுந்தது. அப்பாவுக்கு வளர்பிறை முகூர்த்தம் ஒன்று கிடைத்தது. அது வேலைநாளாகவும் இருந்தது. இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பஞ்சாங்கத்தில் நல்ல நாளாக இருப்பது ஞாயிறாகவோ அரசு விடுமுறையாகவோ இருந்தால் பதிவு நடக்காது. இன்னொன்று, முகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள். அலுவலகம் நிரம்பி வழியும். காலை முதல் ஆளாகப் போக வேண்டும், அல்லது நேரத்தை முன்கூட்டியே அலுவலரிடம் பேசிக்கொள்ள வேண்டும்.

எந்த ஊர் அலுவலகம் என்பதும் முதலிலேயே முடிவாக வேண்டியது. மணமக்களில் ஒருவராவது நோட்டீஸ் கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து முப்பது நாளுக்குக் குறையாமல் அந்த மாவட்டத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அவர் கடலில் இருந்தவர். ஆகவே என் மதுரை முகவரியை வைத்தே மதுரையில் கொடுத்தோம். என் ஆதாரில் பழைய திண்டுக்கல் முகவரி இருந்ததை, அவர் வருவதற்கு வெகு முன்பே மாற்றி வைத்திருந்தேன். அவருடைய நிலையான முகவரி தூத்துக்குடி என்பதால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்ட அலுவலருக்கும் போகும், அங்கும் ஒட்டப்படும். ஆனால் முப்பது நாள் கணக்கு மதுரையில் ஒட்டியதிலிருந்துதான்.

நோட்டீஸ் படிவம் ஒரே பக்கம்தான். பெயர், திருமண நிலை, தொழில், வயது, குடியிருக்கும் இடம், நிலையான முகவரி, எவ்வளவு காலமாகக் குடியிருப்பு என்று கட்டங்கள் இருக்கும். அதில் பெயர் என்ற முதல் கட்டத்தில் எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று. நம் ஊரில் எல்லோருக்கும் உள்ள இனிஷியல் சிக்கல்தான்: ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் அதே எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கிறது. திருமணச் சான்றிதழ் பின்னாளில் விசாவுக்கும் கப்பல் நிறுவனத்தின் ஆவணங்களுக்கும் போகப்போகிறது என்பதால், இருவருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, மற்ற ஆவணங்களில் இருப்பதும் அதே ஆள்தான் என்பதற்கு உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை இணைத்தோம். நோட்டீஸில் எழுதிய பெயரே சான்றிதழ் வரை போகும். ஒட்டிய பிறகு திருத்த நேர்ந்தால் நாள் கணக்கே சிக்கலாகிவிடும். விவாகரத்தானவர்கள் தீர்ப்பின் நகலையும், துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழையும் இதே கட்டத்தில் கையில் வைத்திருக்க வேண்டும்.

பலகையில் ஒட்டியபின் அது ஊர் அறிந்த செய்தி. நோட்டீஸ் பதிவாகும் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்றே சட்டம் சொல்கிறது. ஆகவே, நம் வாயால் கேட்க உரிமையுள்ளவர்கள் எல்லோருக்கும் நோட்டீஸுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் பட்டியல் போட்டோம். அதில் முதல் பெயர் அவருடைய பாட்டி. ‘சபையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஓலை வாசிக்கிற மாதிரிதான் இதுவும், யாருக்காவது தடை இருந்தால் சொல்லட்டும் என்று அரசாங்கம் வைத்திருக்கிறது’ என்று என் மாமனார் விளக்கியதும் அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. எதிர்பார்த்தபடியே, தூத்துக்குடியில் நகல் ஒட்டப்பட்ட வாரத்தில் அறிமுகமில்லாத ஒருவர் வீட்டுக்குப் போன் செய்து, ‘உங்க பேரன் என்ன காரியம் பண்ணியிருக்கான் தெரியுமா?’ என்று தொடங்கினார். பாட்டி, ‘எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதிக் குடுத்திருக்கான். நீங்க போனை வையுங்க’ என்று முடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி முதன்முதலாக அந்தப் போனில் அவர்களுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

எங்களுக்குக் குடும்பத்தின் பாதுகாப்பு இருந்தது. அது இல்லாதவர்களுக்கு இந்தப் பலகை பெரிய ஆபத்து என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். வயதையும் திருமண நிலையையும் சரிபார்க்க அரசுக்குக் கால அவகாசம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும். அதற்காக இருவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் சுவரில் ஒட்டவேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மதச் சடங்கோடு நடக்கும் எந்த இந்துத் திருமணத்துக்கும் அரசு இப்படி ஒரு மாதம் பலகையில் போடுவதில்லை. மணமக்களின் வீட்டுக்கே நோட்டீஸ் அனுப்பும் வழக்கத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் ஏற்க மறுத்தது. நோட்டீஸ்களை இணையதளத்தில் வெளியிடுவதைக் கேரளப் பதிவுத்துறை 2020-இல் நிறுத்தியது. வெளியிடுவதா வேண்டாமா என்பது மணமக்களின் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆனால் நம் மதுரையில் பலகை பலகையாகவே இருக்கிறது. உயிருக்கு அச்சுறுத்தல் உள்ளவர்கள் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரையும் மாவட்டக் காவல்துறையின் சிறப்புப் பிரிவையும் அணுக வேண்டும். இத்தகைய பிரிவுகளை மாவட்டந்தோறும் அமைக்கும்படி 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்த ஒரு மாதம் எங்கே தங்குவது என்பது, எந்தத் தேதியில் திருமணம் என்பதைவிட முந்திய கேள்வி.

காத்திருந்த மாதம் வீணாகவில்லை. இந்து ஒருவர் வேறு மதத்தவரை இந்தச் சட்டத்தின்கீழ் மணந்தால், பிரிக்கப்படாத இந்துக் கூட்டுக் குடும்பத்திலிருந்து அவர் பிரிந்தவராகக் கருதப்படுவார். அவருடைய சொத்துக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். இதை என் அப்பா அந்த நாட்களில் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, வீட்டில் எல்லோருக்கும் விளக்கினார். பின்னால் மனக்கசப்பாகக் கூடிய ஒன்று அப்போதே பேசி முடிந்தது.

மண்டபக்காரர்கள் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், தேதி மாற்றுவதற்கு மட்டும் சிலர் ஒப்புக்கொள்வார்கள். நாங்கள் கையெழுத்தையும் விருந்தையும் ஒரே நாளில் வைக்கவில்லை. அலுவலரை மண்டபத்துக்கே வரவழைக்கச் சட்டத்தில் இடம் உண்டு, கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் முகூர்த்த நாளில் அவருடைய வேலைப்பளு எப்படி இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே வேலைநாளான முகூர்த்தத்தில் அலுவலகத்தில் திருமணம், அடுத்த ஞாயிறு மதுரையில் வரவேற்பு, அதற்கடுத்த வாரம் தூத்துக்குடியில் ஸ்தோத்திர ஜெபமும் விருந்தும் என்று பிரித்தோம். மண்டபத்தை முன்பே பேசியிருந்தாலும், முப்பது நாள் எதிர்ப்பின்றிக் கழிந்த பிறகே பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தோம். மூன்றாம் மாதத்தில் தேதி இருந்ததால் அச்சடித்து ஊர் ஊராகக் கொடுக்க அப்போதும் போதிய நாட்கள் இருந்தன.

திருமணத்தன்று மூன்று சாட்சிகள் நேரில் அடையாள அட்டையோடு நிற்க வேண்டும். நாங்கள் நான்கு பேரை வரச் சொல்லியிருந்தோம். அவருடைய நண்பர்களில் பாதிப்பேர் எந்த நாளும் கப்பலேறக் கூடியவர்கள். உறுதிமொழியில் நாங்களும் சாட்சிகளும் கையெழுத்திட்டோம். பொய் சொன்னால் சிறைத்தண்டனை உண்டு என்ற வரி அதிலேயே இருக்கிறது. பிறகு அலுவலர் எங்களை எதிரெதிரே நிற்கச் சொன்னார். மாலை மாற்றலாம், தாலி கட்டலாம், எதுவும் செய்யாமலும் இருக்கலாம். ஆனால் ஒருவரை ஒருவர் சட்டப்படியான கணவராக, மனைவியாக ஏற்பதாக அலுவலரும் சாட்சிகளும் கேட்க வாய்விட்டுச் சொல்லாதவரை திருமணம் முழுமையாகாது. எந்த மொழியிலும் சொல்லலாம் என்பதால் தமிழில் சொன்னோம். என் அம்மா கையோடு கொண்டுவந்த தாலியை அவர் அந்த மேசையின் முன்னாலேயே கட்டினார்; என் மாமியார் ஒரு சிறு ஜெபம் சொன்னார்கள்.

சான்றிதழில் கையெழுத்திடுவதற்கு முன் பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றையும் பாஸ்போர்ட்டோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம். சான்றிட்ட நகல்களுக்கும் அன்றே விண்ணப்பித்தோம். அடுத்த ஒப்பந்தத்தில் அவர் கப்பலேறுவதற்கு முன் நிறுவனத்தில் வாரிசுதாரர் பெயரை மாற்ற ஒரு நகல், என் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க ஒரு நகல், இரண்டு வீட்டுப் பீரோவிலும் ஒவ்வொன்று என்று பிரித்து வைத்தோம்.